அப்டேட் போட்ட மறுநாள் காலை: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத்தாருக்கு,

வணக்கம். நான் திருச்சியில் 16 வருடங்களாக மொபைல் பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். சின்னக் கடைதான். ஒரு கண்ணாடி மேசை, ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு சால்டரிங் ஸ்டேஷன், சுவர் முழுக்கப் பழைய டிஸ்பிளே அட்டைப்பெட்டிகள். வருடத்தில் சில காலைகள் உண்டு. ஷட்டரைத் தூக்கும்போதே மூன்று நான்கு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. ஒருவர் உறையூர், ஒருவர் திருவெறும்பூர், இன்னொருவர் மண்ணச்சநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்திருப்பார். கையில் இருப்பது மட்டும் ஒரே மாடல் போன். சொல்வதும் ஒன்றேதான்: "அப்டேட் போட்டதுலேர்ந்து சார்ஜே நிக்க மாட்டேங்குது அண்ணே."

முந்தின நாள் வரை, காலை ஏழு மணிக்குச் சார்ஜரிலிருந்து எடுத்தால் ராத்திரி பத்து மணி வரை தாங்கிய போன் அது. இப்போது மதியம் இரண்டு மணிக்கே 15 சதவீதத்தில் நிற்கிறது. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை, சார்ஜரும் மாறவில்லை. உரிமையாளர் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு கோப்பு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் காலைக் காட்சிக்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்கள் ஆணையம் 2020 ஜூலையில் அமைந்தது. தனி ஆளின் வழக்குக்கு மாவட்ட ஆணையம் இருக்கிறது. மக்கள் மொத்தமாகப் பாதிக்கப்படும்போது கேட்கத்தான் நீங்கள் இருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டிருக்கிறேன். ஒருவருடைய பேட்டரி கெட்டுப்போனால் அதை என் மாதிரி ஒரு கடைக்காரன் பார்த்துக்கொள்வான். அப்டேட் அப்படிப்பட்டதில்லை. ஒரே கோப்பு, சில நாட்களுக்குள், லட்சக்கணக்கான போன்களுக்குள் போகிறது. அதில் பிழை இருந்தால் அத்தனை பேருக்கும் அதே பிழை. ஆனால் ஒவ்வொருவரும் தன் போன் மட்டும்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தனித்தனியாக அலைந்து, தன் கைக்காசில் அதைச் சரிசெய்யப் பார்க்கிறார்.

அப்படி அலைந்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு அம்மா. ஆர்டர் வருவது வாட்ஸப்பில், காசு வருவது யூபிஐயில். போன் அணைந்தால் கடையே மூடின மாதிரி. அப்டேட் வந்த மூன்றாம் நாள், அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போயிருக்கிறார். எந்த நிறுவனம் என்று இங்கே சொல்லப்போவதில்லை; என் நோக்கம் அது இல்லை. பேட்டரி வீக்காகிவிட்டது என்று சொல்லி 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு புதிது மாற்றிக் கொடுத்தார்கள். மறுநாளும் மதியம் இரண்டு மணிக்கு அதே 15 சதவீதம். திரும்பப் போனார். எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்தார்கள். வாடிக்கையாளர் எண்கள் பாதி போயின. சார்ஜ் மட்டும் நிற்கவில்லை. அதன் பிறகுதான் என்னிடம் வந்தார். இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன், போர்டில் ஒரு குறையும் தெரியவில்லை. கைவிரித்துத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

ஐந்து வாரம் கழித்து இன்னொரு அப்டேட் வந்தது. அதைப் பற்றி நிறுவனம் எழுதியிருந்தது ஒரே வரி: சிஸ்டத்தின் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டுள்ளது. மறுநாளிலிருந்து அந்த அம்மாவின் போன் ராத்திரி வரை தாங்குகிறது. அப்படியென்றால் பழைய பேட்டரியில் குறையே இல்லை. அந்த 2,800 ரூபாயை யார் திருப்பிக் கொடுப்பது? "நாலு நாள் மாவு காசு தம்பி அது" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நானும் இதே தவறைச் செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால், உணவு டெலிவரி செய்யும் ஒரு தம்பியின் போனுக்கு இதே புகாருக்காகப் பேட்டரி மாற்றினேன். ஒன்றும் மாறவில்லை. கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்த பேட்டரியின் விலை அவன் தலையில்தான் விழுந்தது. அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். மாடல், பில்டு எண் (போனில் எந்தப் பதிப்பு மென்பொருள் ஓடுகிறது என்று காட்டும் எண்), அப்டேட் வந்த தேதி, ராத்திரியில் எத்தனை சதவீதம் இறங்கியது, கடைசியில் எதனால் சரியானது. பேட்டரி மாற்றினால்தான் என் கடைக்கு வருமானம். இருந்தாலும், அப்டேட் வந்து ஒரு வாரம் ஆகாமல் பேட்டரி மாற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வருகிறவர்களிடம் நான் என்ன சொல்கிறேன் என்பதை உங்களிடமும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் செய்த மாற்றத்தால் வந்த குறையைச் சரிசெய்ய ஒரு சாதாரண ஆள் எவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும்.

அப்டேட் முடிந்து திரை எழுந்ததும் வேலை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். போனுக்கு அப்போதுதான் வேலை தொடங்குகிறது. புது சிஸ்டத்துக்குத் தகுந்தபடி ஒவ்வொரு ஆப்பையும் மறுபடி தயார்செய்கிறது. கேலரியில் கிடக்கும் ஆயிரக்கணக்கான படங்களை மீண்டும் அலசுகிறது. தேடலுக்கான பட்டியலைப் புதிதாகக் கட்டுகிறது. பின்னாலேயே ஆப்புகளின் அப்டேட்டுகளும் வரிசையாக இறங்குகின்றன. இந்த நாட்களில் சூடு வருவதும் சார்ஜ் இறங்குவதும் இயல்புதான். 2025 செப்டம்பரில் ஐபோன்களின் சிஸ்டமான ஐஓஎஸின் 26ஆம் பதிப்பு வந்தபோது ஆப்பிள் நிறுவனம் தன் உதவிப் பக்கத்திலேயே இதை எழுதியது: அப்டேட்டுக்குப் பிறகு கொஞ்ச நாள் பேட்டரியில் பாதிப்புத் தெரியலாம், அது தற்காலிகம் என்று. இப்படி வெளிப்படையாகச் சொன்னதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். எல்லோரும் இந்த அளவாவது சொல்லலாம்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டில் ஆப்புகளை மறுபடி தயார்செய்யும் வேலை பெரும்பாலும் போன் சும்மா இருந்து, சார்ஜிலும் இருக்கும்போது நடக்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டு எட்டு மணி நேரம் தூங்குகிறவருக்கு ஒன்றிரண்டு இரவில் அது முடிந்துவிடும். டெலிவரி வேலை செய்கிற பிள்ளைகளுக்கு? வண்டியில் மேப் ஓடிக்கொண்டிருக்க, பவர் பேங்க் சொருகி, அரை மணி இங்கே அரை மணி அங்கே என்று சார்ஜ் ஏற்றுகிறார்கள். போன் சும்மா இருக்கும் நேரம் என்று ஒன்று கிடையவே கிடையாது. நல்ல வைஃபையும் மெத்தைப் படுக்கையும் உள்ள ஒருவரை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு இவர்களுக்குப் பொருந்துவதில்லை. அதனால் அவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: இரண்டு ராத்திரி போனின் கவரைக் கழற்றிவிட்டு, காற்று படுகிற இடத்தில் சார்ஜில் போடுங்கள், ஆப்புகளை எல்லாம் அப்டேட் செய்து முடியுங்கள், ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பல பேருக்கு இதிலேயே சரியாகிவிடுகிறது.

மூன்று நான்கு நாள் ஆகியும் குறையவில்லை என்றால், செட்டிங்ஸில் பேட்டரிப் பகுதிக்குப் போய் எது அதிகம் இழுக்கிறது என்று பார்க்கச் சொல்வேன். அப்டேட்டின்போது சில செட்டிங்ஸ் தானாக மாறிவிடுவதுண்டு. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும்படி (60 ஹெர்ட்ஸ்) வைத்திருந்த திரை 120க்குப் போயிருக்கும். எப்போதும் ஒளிரும் திரை இயக்கப்பட்டிருக்கும். பின்னணியில் ஓடக் கூடாது என்று கட்டிப்போட்டிருந்த ஆப்புகள் அவிழ்ந்திருக்கும். இருப்பிட அனுமதி, புளூடூத் தேடல், இவற்றையும் பார்க்க வேண்டும். அப்புறம் சிக்னல். அப்டேட்டோடு, சிக்னலைக் கையாளும் பாகமான மோடத்துக்கான மென்பொருளும் மாறிவருவதுண்டு. 5ஜி சரியாகக் கிடைக்காத இடத்தில் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் நடுவில் ஓயாமல் தாவிக்கொண்டே இருக்கும், திரையைத் தொடாமலே சார்ஜ் கரையும். ஒரு நாள் முழுக்க 4ஜியில் மட்டும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் நான் கேட்பது ராத்திரிக் கணக்கு. பத்து மணிக்கு எத்தனை சதவீதம், காலை ஆறு மணிக்கு எத்தனை என்று ஒரு சீட்டில் எழுதி வாருங்கள். மறுநாள் ராத்திரி அதையே சேஃப் மோடில் செய்யுங்கள். சேஃப் மோடில் நாம் இறக்கிய ஆப்புகள் எதுவும் ஓடாது. சாதாரண இரவில் 20 சதவீதம் இறங்கி, சேஃப் மோடில் மூன்று நான்கோடு நின்றால், குற்றவாளி ஏதோ ஒரு ஆப். அதைத் தேடிப் பிடிக்கலாம். இரண்டு இரவும் ஒரே மாதிரி என்றால் சிஸ்டத்தில் கோளாறு, அல்லது பேட்டரியே வயதானது. எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள்கூட இந்தச் சீட்டை அழகாக எழுதிக்கொண்டு வருகிறார்கள். கையில் இந்தச் சீட்டு இல்லாமல் எந்த சர்வீஸ் சென்டரிலும் பேட்டரிக்குக் காசு கட்டாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

முழு ரீசெட்டைக் கடைசியாகத்தான் செய்ய வேண்டும். அங்கே முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். படங்கள், வாட்ஸப் உரையாடல், வங்கி ஆப், யூபிஐ, எல்லாவற்றையும் மறுபடி அமைக்க வேண்டும். ஓய்வூதியத்தை நம்பியிருக்கும் ஒரு பெரியவருக்கு அது ஒரு வாரத் தொல்லை.

சரி, பேட்டரிக்கே வயதாகியிருந்தால்? அந்தப் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அப்டேட்டின் மேல் பழி போடப்படும் எல்லாப் போன்களிலும் அப்டேட் குற்றவாளி இல்லை. லித்தியம் அயான் பேட்டரி, ஏற்றி இறக்க ஏற்றி இறக்க, கொள்ளளவை இழக்கும், உள்தடையும் கூடும். திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது வோல்டேஜ் சரிந்து, 20 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் பட்டென்று அணையும். புது சிஸ்டம் கூடுதல் வேலை வாங்கும்போது இந்த பலவீனம் வெளியே தெரிகிறது. எங்கள் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. 35 டிகிரிக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிள் சொல்கிறது. சித்திரை, வைகாசியில் திருச்சியில் நிழலிலேயே 40ஐத் தொடும். பைக்கின் ஹேண்டிலில் மாட்டிய போனுக்கு நிழல்கூட இல்லை.

இது பேட்டரிக் குறையா, மென்பொருள் குறையா என்று பிரித்துச் சொல்லத் தேவையான தகவல் போனுக்குள்ளேயே இருக்கிறது. எத்தனை முறை முழுதாக ஏறி இறங்கியது, இன்னும் எத்தனை சதவீதக் கொள்ளளவு மிச்சம், எல்லாம் உள்ளே பதிவாகிறது. ஐபோனில் மிச்சமுள்ள கொள்ளளவைப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் பல மாடல்களில் வாடிக்கையாளர் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. போனை வாங்கியவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித்தான் அவரிடம் காசு வாங்குகிறார்கள்.

இந்தப் பிரச்சினையை உலகம் ஏற்கெனவே ஒருமுறை பெரிதாகப் பார்த்துவிட்டது. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1, பேட்டரி தளர்ந்த ஐபோன் 6, 6எஸ் போன்ற மாடல்களில் பிராசஸரின் வேகத்தைக் குறைத்தது. போன் திடீரென அணைவதைத் தடுக்கத்தான் அப்படிச் செய்தார்கள், நோக்கம் தவறில்லை. ஆனால் வாங்கியவர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த வருடம் டிசம்பரில் வேகச் சோதனை முடிவுகள் வெளியாகி விஷயம் வெடித்தது. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது, 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 ஆக்கியது. 2018 மார்ச்சில் ஐஓஎஸ் 11.3இல் பேட்டரியின் நிலையைக் காட்டும் பகுதி வந்தது. இன்று ஐபோன்காரர் யாரும் பேட்டரி எத்தனை சதவீதத்தில் இருக்கிறது என்று தானே பார்த்துக்கொள்ள முடிகிறதென்றால், அந்த வருடம் மக்கள் போட்ட கூச்சலால்தான்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இத்தாலியின் போட்டி ஆணையம் 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும், கேலக்ஸி நோட் 4 போன்களுக்கு அனுப்பிய அப்டேட்டுக்காக சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. ஆப்பிளின் அபராதத்தில் ஒரு பாதி, பேட்டரியின் ஆயுளைப் பற்றியும் பராமரிப்பைப் பற்றியும் வாங்கியவர்களுக்குப் போதுமான தகவல் கொடுக்காததற்காக. பிரான்சில் 2020 பிப்ரவரியில் 2.5 கோடி யூரோ. அங்கே குற்றம் என்று சொன்னது வேகத்தைக் குறைத்ததை இல்லை. அப்டேட் போட்டால் வேகம் குறையலாம் என்று முன்கூட்டிச் சொல்லாததை. என் கடைக்கு வரும் புகார்களில் முக்கால்வாசியும் இந்தச் சொல்லாமையில்தான் தொடங்குகிறது.

இன்னொன்று நம் நாட்டையும் தொட்டது. 2025 ஜனவரியில் கூகுள் தன் பிக்ஸல் 4ஏ போன்களுக்குத் தானாக நிறுவிக்கொள்ளும் ஒரு அப்டேட்டை அனுப்பியது. குறிப்பிட்ட சில பேட்டரிகள் முழுதாக ஏறாதபடி அது கட்டுப்படுத்தியது. பேட்டரிச் சூடு தொடர்பான பாதுகாப்புக் காரணம். ஆஸ்திரேலியாவில் அது திரும்பப்பெறும் அறிவிப்பாகவே வெளிவந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசப் பேட்டரி, அல்லது பணம், அல்லது புது பிக்ஸல் வாங்கத் தள்ளுபடி என்றார்கள். அதே வருடம் ஜூலையில் பிக்ஸல் 6ஏவுக்கும் இதே மாதிரி ஒன்று, 400 சுற்றுகள் (முழுதாக ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு சுற்று) தாண்டிய பேட்டரிகளுக்கு. தீப்பிடிக்கும் ஆபத்து என்றால் கட்டுப்படுத்தத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் கடையிலேயே உப்பிய பேட்டரிகளை மணல் வாளியில்தான் போடுகிறேன். ஆனால் பெரிய ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிற ஒருவர், கையில் இருக்கும் ஒரே போன் பாதி நாளில் அணைகிற நிலையில், இலவச மாற்று எங்கே கிடைக்கும் என்று இணையத்தில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. பேட்டரியைக் குறைக்கிறவர், மாற்று பேட்டரியை மாவட்டத் தலைநகர் வரையாவது கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் குறைக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் திறன்பேசிகளுக்கு ஒரு விதியைக் கொண்டுவந்திருக்கிறது. பேட்டரி 800 சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு தாங்க வேண்டும் என்பது அதில் பரவலாகப் பேசப்பட்ட பகுதி. நான் சொல்ல வருவது பேசப்படாத இன்னொன்றை. நிறுவனம் தன் போனைப் பற்றி அறிவித்த அளவுகள், ஒரு மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு மோசமாகக் கூடாது. ஆகும் என்றால் முன்கூட்டியே பயனரிடம் வெளிப்படையான சம்மதம் வாங்க வேண்டும். அப்டேட்டை மறுத்தார் என்பதற்காகப் போனின் செயல்பாட்டில் எந்த மாற்றமும் வரக் கூடாது. ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை அங்கே பெட்டி லேபிளில் போட்டாக வேண்டும் என்பதால், அந்த மணிக் கணக்கும் இந்தப் பாதுகாப்புக்குள் வந்துவிடுகிறது. பேட்டரி தயாரான தேதி, முதலில் பயன்பட்ட தேதி, சுற்றுகளின் எண்ணிக்கை, மிச்சமுள்ள கொள்ளளவு ஆகியவற்றைப் பயனர் பார்க்க வழி இருக்க வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது.

அதே நிறுவனங்கள்தான் இங்கேயும் விற்கின்றன. பெர்லினில் இருக்கிறவருக்குக் காட்ட முடிகிற எண்ணைப் பெரம்பலூரில் இருக்கிறவருக்குக் காட்ட முடியாதா?

நம் அரசு சும்மா இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் வந்தது. என் மாதிரிக் கடைக்காரர்களுக்கு அது பெரிய தெம்பு. ஐஓஎஸ் 18க்குப் பிறகு போனின் செயல்பாடு கெட்டுவிட்டது என்று தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு வந்த புகார்களை வைத்து, நீங்களே ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியதாக 2025 ஜனவரியில் அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி அறிவித்தார். அந்தச் செய்தியைக் கடையில் இருந்தவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். அப்டேட்டைப் பற்றியும் புகார் கொடுக்கலாம் என்பதே அன்றுதான் பல பேருக்குத் தெரிந்தது. 2025 மே மாதம், மொபைல் உள்ளிட்ட பொருள்களுக்குப் பழுதுபார்ப்புக் குறியீடு (எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதற்கான மதிப்பெண்) வழங்குவது பற்றிய குழுவின் அறிக்கையும் துறையிடம் போயிருக்கிறது. மென்பொருள் அப்டேட்டும் அதில் ஒரு அளவுகோல். அந்த அளவுகோல் எத்தனை வருடம் அப்டேட் வரும் என்பதை மட்டும் எண்ணிவிட்டு நின்றுவிடுமோ என்பதுதான் என் கவலை. ஏழு வருடம் அப்டேட் என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்த ஏழு வருடமும் ஒவ்வொரு அப்டேட்டும் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டால், அதை எண்ணி மதிப்பெண் போட முடியாது. அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் போன் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதும் குறியீட்டில் சேர வேண்டும்.

2023 நவம்பரில் நீங்கள் கொண்டுவந்த இருண்ட உத்திகளுக்கான (ஆப்பிலும் இணையதளத்திலும் பயனரை ஏமாற்றி இழுக்கும் வடிவமைப்புகளுக்கான) வழிகாட்டு நெறிகளில், ஓயாமல் நச்சரிப்பதும் கட்டாயப்படுத்துவதும் இடம்பெற்றிருக்கின்றன. போனில் வரும் அப்டேட் அறிவிப்பையும் அதே கண்ணோடு ஒருமுறை பாருங்கள். "இப்போதே நிறுவு", "இன்றிரவு நிறுவு", "பிறகு நினைவூட்டு". வேண்டாம் என்று சொல்லப் பல போன்களில் பட்டனே இல்லை. எத்தனை நாள் தள்ளினாலும் ஒருநாள் விரல் தவறிப் பட்டுவிடும். என்ன மாறப்போகிறது என்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இரண்டு வரி. தமிழில் வந்தாலும் அந்த நிலைத்தன்மை மேம்பாட்டு வரிதான் வருகிறது. பேட்டரியைப் பாதிக்கக்கூடிய மாற்றம் இருந்தால், அது எவ்வளவு நாள் பாதிக்கும், எந்தப் பில்டில் இருந்த எந்தக் கோளாறு இப்போது சரியானது என்பதை, அந்தப் போன் எந்த மொழியில் ஓடுகிறதோ அந்த மொழியில் எழுத வைக்க வேண்டும். ஸ்ரீரங்கத்து அம்மாவின் போனில் ஐந்து வாரம் கழித்து வந்த அப்டேட்டில், முந்தின பதிப்பில் பேட்டரிக் கோளாறு இருந்தது என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும், அதைக் காட்டியே அவர் 2,800 ரூபாயைத் திரும்பக் கேட்டிருப்பார். அந்த ஒரு வரிதான் அவருக்குச் சாட்சி. அது இல்லாமல், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குக் கட்டணமே இல்லாமல் போகலாம் என்றாலும், எதை வைத்துக்கொண்டு போவார்?

அப்புறம், திரும்பிப் போக வழி. இதைக் கேட்டால் நிறுவனங்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும்: பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கும், திரும்ப விட்டால் திருடர்கள் புகுவார்கள் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. வங்கியே போனுக்குள் இருக்கிற காலம் இது, யாரும் பழைய பாதுகாப்போடு சுற்றக் கூடாது. அப்டேட்டைத் தள்ளிப் போடச் சொல்லி என் வாடிக்கையாளர் யாரிடமும் நான் சொல்வதில்லை. ஆனால் பாதுகாப்பு அப்டேட் வேறு, புது வசதிகளும் புது அலங்காரமும் கொண்டுவரும் அப்டேட் வேறு. ஐரோப்பிய விதி இரண்டையும் தனித்தனிப் பெயரில், தனித்தனிக் கெடுவோடு பேசுகிறது. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்புவதால்தான் மறுக்கவும் முடிவதில்லை, திரும்பவும் முடிவதில்லை. தொழில்நுட்பம் இதற்குத் தடையாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. பல ஆண்ட்ராய்டு போன்களில் சிஸ்டத்துக்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. புதியது எழும்பாவிட்டால் போன் தானே பழையதற்குத் திரும்பிவிடும். அந்த வசதி போனுக்கு இருக்கிறது, போனின் உரிமையாளருக்குத்தான் இல்லை. ஆப்பிள் புது ஐஓஎஸ் வெளியிட்டுச் சில வாரங்களில் பழையதை ஏற்பதை நிறுத்திவிடுகிறது. ஒரு பெரிய பதிப்பு வந்தால் குறைந்தது 30 நாளாவது, பாதுகாப்புத் திருத்தங்களோடு கூடிய முந்தின பதிப்புக்கு, தரவு அழியாமல் திரும்பும் வழி வேண்டும் என்று கேட்கிறேன்.

கடைசியாக சர்வீஸ் சென்டர்கள். உத்தரவாதக் காலம் முடிந்த போனுக்குப் பேட்டரி மாற்றச் சொல்லும் முன், பேட்டரியின் கொள்ளளவு இவ்வளவு, சுற்றுகள் இத்தனை, கடைசி அப்டேட் வந்த தேதி இது, அதனால் மாற்றச் சொல்கிறோம் என்று ஒரு தாளில் எழுதி முத்திரை வைத்துக் கொடுக்க வேண்டும். அப்டேட் வந்து 30 நாளுக்குள் மாற்றிய பேட்டரியால் குறை தீரவில்லை என்றால் காசைத் திருப்பித் தர வேண்டும். சட்டமெல்லாம் இல்லாமலே என் கடையில் இதைச் செய்கிறேன். பெரிய நிறுவனத்தால் முடியாதென்று எனக்குத் தோன்றவில்லை.

1915இல் புகாரைப் பதியும்போது, மொபைல் என்ற தலைப்பின் கீழ் அப்டேட்டுக்குப் பின் வந்த குறை என்று தனிப் பிரிவு ஒன்று வைத்து, மாடலையும் பில்டு எண்ணையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம் என்பதால் எங்கள் ஊர்க்காரர்கள் தயங்காமல் கூப்பிடுவார்கள். ஒரே பில்டு எண்ணுக்கு நான்கு மாநிலங்களிலிருந்து புகார் குவிகிறதென்றால், அது யாருடைய போனின் தனிக் குறையும் இல்லை என்பது முதல் வாரத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். நான் ஒரு கடையில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவதை, நாடு முழுக்கச் செய்ய உங்களிடம் ஏற்பாடு இருக்கிறது.

என் நோட்டில் வாடிக்கையாளர் பெயர்கள் இல்லை; மாடல், பில்டு, தேதி, ராத்திரிக் கணக்கு மட்டும்தான். உங்கள் அலுவலகத்திலிருந்து யார் கேட்டாலும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன். ஸ்ரீரங்கத்து அம்மாவிடமும் பேசிவிட்டேன். 2,800 ரூபாய் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்; தேவைப்பட்டால் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
மொபைல் பழுதுபார்க்கும் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி